பஞ்சுச் சட்டைப் பெரும்படை! திருவண்ணாமலைக்குக் கோபுரம் தந்த கிருஷ்ணதேவராயர் வரலாறு

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அண்ணாமலையார் கோவிலின் கிழக்கு வாசலில் நிற்கும் ராஜகோபுரம் அது. உயரம் 217 அடி. பதினொரு நிலைகள் கொண்டது.

இந்தக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். அதே கோவிலில் உள்ள ஆயிரங்கால் மண்டபமும், அதற்கு எதிரே இருக்கும் சிவகங்கைத் திருக்குளமும் அவருடைய திருப்பணிகளே.

தெனாலிராமன் கதை கேட்காத குழந்தை நம் நாட்டில் உண்டா? அந்தக் கதைகளில் வரும் ராயர் இவர்தான். கதையில் அவர் சிரிப்பார், கோபிப்பார், கடைசியில் பரிசு கொடுப்பார். உண்மையான ராயரோ, தம்முடைய ஆட்சியின் முதல் பாதியைப் போர்க்களத்தில் கழித்தவர்.

அந்தப் போர்களில் ஓர் அதிசயம் உண்டு. அவருடைய காலாட்களில் பெரும்பாலோர் உடம்பில் இரும்புக் கவசம் இல்லை. அவர்கள் போட்டிருந்தது பஞ்சுச் சட்டை! கத்திக்கும் அம்புக்கும் எதிரே பஞ்சு எப்படி நிற்கும் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்வதற்கு முன், ராயரின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆட்டின் கண்கள்

கிருஷ்ணதேவராயரின் தந்தை நரச நாயக்கர். தாயார் நாகலாதேவி. நரச நாயக்கர் விஜயநகரத்தின் தளபதியாக இருந்து, நாட்டின் முழு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தவர். அவருக்குப் பிறகு மூத்த மகன் வீரநரசிம்மர் சிம்மாசனம் ஏறினார். கிருஷ்ணர் அவருக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி.

வீரநரசிம்மர் மரணப் படுக்கையில் கிடந்தபோது நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. தமக்குப் பிறகு தம் சின்னஞ்சிறு மகன்தான் பட்டத்துக்கு வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். தம்பி இருந்தால் அது நடக்காது. ஆகவே தம்பியின் கண்களைப் பிடுங்கிவந்து காட்டும்படி மந்திரி சாளுவ திம்மரசுக்கு உத்தரவிட்டார். திம்மரசுக்கு மனம் வரவில்லை. கிருஷ்ணரை மறைத்து வைத்துவிட்டு, ஓர் ஆட்டின் கண்களைக் கொண்டுபோய்க் காட்டினார். அரசர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

இந்தக் கதையை எழுதிவைத்தவர் நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர். ராயர் காலமாகிச் சில வருஷங்களுக்குப் பின் விஜயநகரத்தில் இருந்தவர் அவர். கதை எப்படி இருந்தாலும், 1509-ல் கிருஷ்ணதேவராயர் அரசரானார் என்பது சரித்திரம். திம்மரசு முதல் மந்திரியானார். அரசர் அவரைத் தந்தைபோல் மதித்தார். மக்கள் அவரை அப்பாஜி என்றே அழைத்தார்கள்.

விடியுமுன் தேகப்பயிற்சி

1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த இன்னொரு போர்ச்சுகீசியர் பயஸ். அவர் ராயரை நேரில் பார்த்தவர். அரசர் நடுத்தர உயரம், நல்ல நிறம், கொஞ்சம் சதைப்பிடிப்பான உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு என்று எழுதியிருக்கிறார்.

ராயரின் காலைப் பழக்கத்தையும் அவர் விவரித்திருக்கிறார். பொழுது விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். மண்ணால் செய்த பளுவான குண்டுகளைத் தூக்குவார். பிறகு வாள் வீசுவார். குடித்த எண்ணெய் எல்லாம் வியர்வையாக வடியும் வரை விடமாட்டார். அப்புறம் மல்யுத்தம். அதன்பின் குதிரை ஏறி நாலு பக்கமும் ஓட்டிவிட்டு, விடிந்ததும் குளிக்கப் போவார்.

படைவீரனுக்கு உடம்புதான் முதல் கவசம் என்பதை அரசரே செய்து காட்டினார்.

மலைக்கோட்டை விழுந்தது

அப்போது கிழக்கே ஒரிசாவை ஆண்டவர் பிரதாபருத்திர கஜபதி. தெலுங்கு நாட்டில் பல கோட்டைகள் அவர் கையில் இருந்தன. நெல்லூர்ப் பக்கத்தில் உதயகிரி என்ற மலைக்கோட்டை இருக்கிறது. ஏறுவதற்கு அரிய மலை அது. ராயர் பாறைகளை உடைத்துப் பாதை போட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் முற்றுகை நீடித்தது. 1514-ல் கோட்டை விழுந்தது. அங்கிருந்த பாலகிருஷ்ணர் விக்கிரகத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்து, ஒரு கோவில் கட்டிப் பிரதிஷ்டை செய்தார். அந்தக் கிருஷ்ணன் கோவிலை இன்றும் ஹம்பியில் காணலாம்.

1515-ல் கொண்டவீடு விழுந்தது. சேனை மேலும் வடக்கே விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள சிம்மாசலம் வரை சென்றது. முடிவில் சமாதானம் ஏற்பட்டது. கஜபதியின் மகளை ராயர் மணந்தார்.

வெற்றியோடு திரும்பிய ராயர் தெற்கே கோவில் கோவிலாகத் திருப்பணி செய்தார். சிதம்பரத்தின் வடக்குக் கோபுரம் அந்தக் காலத்தது. திருவண்ணாமலைத் திருப்பணியும் 1516, 1517 வருஷங்களை ஒட்டித் தொடங்கியது. ராஜகோபுரத்தை அவர் தொடங்கினாலும், முடித்துவைத்தவர் தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்ப நாயக்கர்.

அந்த ஆயிரங்கால் மண்டபத்துக்குள்தான் பாதாள லிங்கம் இருக்கிறது. 1896-ல் வீட்டைவிட்டு அண்ணாமலைக்கு வந்த இளைஞர் ரமணர், தம்மை மறந்து தவத்தில் அமர்ந்த இடம் அது.

மெத்தையா, சட்டையா?

இனிப் பஞ்சுச் சட்டைக்கு வருவோம்.

ராயரின் படையைப் பற்றிப் பயஸும் நூனிஸும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். வில்லாளிகளும் துப்பாக்கிக்காரர்களும் பஞ்சு திணித்துத் தைத்த சட்டை அணிந்தார்கள். குதிரை வீரர்களின் தலைக்கவசமும் பஞ்சு வைத்துத் தைத்ததுதான். மகாநவமி விழாவில் அணிவகுத்த குதிரை வீரர்களின் அங்கியில், வெளியே பட்டும் வெல்வெட்டும் தெரியும். உள்ளே உறுதியான பச்சைத் தோல் பல அடுக்காக இருக்கும். நடுநடுவே உலோகத் தகடுகள் வைத்திருக்கும்.

கேடயக்காரர்களுக்குச் சட்டையே தேவைப்படவில்லை. ஆளையே மறைக்கும் அளவுக்குக் கேடயம் பெரிதாக இருந்தது. சில கறுப்புக் கேடயங்கள் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்தனவாம்.

முழு இரும்புக் கவசம் கனமானது. நம் வெயிலில் அது கொதிக்கும். அதைப் போட்டுக்கொண்டு காலாட்படை நாள் முழுதும் நடக்க முடியுமா? பஞ்சும் தோலும் லேசானவை. உள்ளூரில் கிடைப்பவை. தையற்காரரும் தோல் தொழிலாளியும் ஆயிரக்கணக்கில் செய்து கொடுக்கலாம்.

லேசாக இருந்தால் போதுமா? அடியைத் தாங்க வேண்டாமா? தாங்கியது. அது எப்படி என்று பார்ப்போம்.

பந்து பிடிக்கும் வித்தை

வேகமாக வரும் பந்தைக் கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் உள்ளங்கை எரியும். பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்தால் வலிக்காது. தேங்காய் கருங்கல்லில் விழுந்தால் உடைகிறது. வைக்கோல் போரில் விழுந்தால் உடைவதில்லை. அடி ஒரே அடிதான். அது ஒரு நொடியில், ஓர் இடத்தில் முழுவதும் இறங்கினால் சேதம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, பல இடங்களுக்குப் பரவி இறங்கினால் சேதம் குறைவு.

பல அடுக்குத் துணியும் பஞ்சும் செய்வது இதைத்தான். அம்பின் முனை முதல் அடுக்கில் படுகிறது. அங்குள்ள நூல்கள் இழுபடுகின்றன. அவை பக்கத்து நூல்களையும் இழுக்கின்றன. சில நூல்கள் அறுகின்றன. அதற்குள் அம்பின் வேகம் குறைகிறது. அடுத்த அடுக்கு இன்னும் கொஞ்சம் வேகத்தைத் தின்கிறது. ஊசிமுனையில் வந்த அடி உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடுகிறது. உடம்பைத் தொடும்போது அம்பில் பாதிப் பலம்கூட இல்லாமல் போகலாம்.

ஒரு நூலைக் குறுக்கே வெட்டுவது சுலபம். நீளவாக்கில் இழுத்து அறுப்பது கஷ்டம். நாரின் முழுப் பலமும் இழுப்பைத் தாங்குவதில்தான் இருக்கிறது.

பாட்டி கட்டிய குதிர்

நாரோடு அதைக் கட்டிப் பிடிக்கும் பொருளும் சேர்ந்தால் பலம் இன்னும் கூடுகிறது. இது நம் கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்த பாடம்.

நெல் கொட்டிவைக்கும் குதிரை எப்படிச் செய்தார்கள்? களிமண்ணைத் தனியாகக் குழைத்துச் செய்தால் காய்ந்ததும் வெடிக்கும். வைக்கோலை மட்டும் வைத்துச் சுவர் எழுப்ப முடியாது. வைக்கோலை நறுக்கி மண்ணோடு சேர்த்து மிதித்துக் குழைத்தார்கள். அந்தக் குதிர் தலைமுறைக்கு நின்றது.

களிமண்ணில் ஒரு கீறல் விழுந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் ஒரு வைக்கோல் துண்டு குறுக்கிட்டால் கீறல் அங்கே தடுமாறும். அதைச் சுற்றிப் போகவேண்டும், அல்லது அதை மண்ணிலிருந்து உருவவேண்டும். இரண்டுக்கும் பலம் செலவாகும். ஆயிரம் வைக்கோல் துண்டுகள் இருந்தால் அடியின் பலம் வழியிலேயே தீர்ந்துபோகும்.

தோலும் இதே ஜாதிதான். தோலைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் பின்னிக் கிடக்கும் நார். அதனால்தான் தோல் கேடயம் வாள் வெட்டுக்குத் தாக்குப்பிடித்தது.

ரெய்ச்சூரில் வந்த சோதனை

1520-ல் ராயரின் வாழ்க்கையிலேயே பெரிய போர் வந்தது. கிருஷ்ணா நதிக்கும் துங்கபத்திரைக்கும் நடுவே உள்ள ரெய்ச்சூர்க் கோட்டைக்காக விஜயநகரமும் பீஜப்பூரும் பல காலமாகச் சண்டையிட்டு வந்தன. ராயர் பெரும்படையோடு போய்க் கோட்டையை முற்றுகையிட்டார். ஏழு லட்சத்துக்கு மேல் காலாட்கள் என்று நூனிஸ் எழுதுகிறார். அது மிகையாக இருக்கலாம். ஆனால் படை மிகப் பெரியது என்பதில் சந்தேகம் இல்லை.

பீஜப்பூர் சுல்தான் இஸ்மாயில் அடில் ஷா கோட்டையைக் காக்க விரைந்து வந்தார். கிருஷ்ணா நதியைத் தாண்டி முகாம் போட்டார். அவருடைய பெரிய நம்பிக்கை பீரங்கிகள்.

மே 19-ந் தேதி விடியற்காலை. விஜயநகரத்தின் முன்னணிப் படை பாய்ந்தது. முதல் வரிசையில் பீஜப்பூர்ப் படை பின்வாங்கியது. அடுத்த கணம் பீரங்கிகள் ஒரே சமயத்தில் வெடித்தன!

அம்பைத் தாங்கிய பஞ்சுச் சட்டை பீரங்கிக் குண்டைத் தாங்குமா? தாங்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் பலம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். நூல் இழுபட்டுப் பரவுவதற்கு அங்கே நேரமே கிடைப்பதில்லை. பலர் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தார்கள். மிஞ்சியவர்கள் சிதறி ஓடினார்கள். எதிரிகள் துரத்திக்கொண்டு வந்தார்கள்.

தோல்வி என்று எல்லோரும் நினைத்த நேரம். ராயர் தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றினார். அதை ஒரு பணியாளனிடம் கொடுத்தார். தாம் இறந்துவிட்டால் அடையாளமாக அதை அரசிகளிடம் காட்டும்படி சொன்னார். பிறகு குதிரை ஏறி, மீதிப் படையுடன் நேரே முன்னே சென்றார்.

அரசரே முன்னே போவதைப் பார்த்த வீரர்கள் திரும்பினார்கள். துரத்தி வந்த பீஜப்பூர்ப் படை கலைந்திருந்தது. பீரங்கிகளை மறுபடி கெட்டிக்க அவகாசம் இல்லை. நதிக்கரை வரை விரட்டிச் சென்றார்கள். ஆற்றில் மூழ்கியவர்கள் ஏராளம். சுல்தான் யானைமேல் ஏறித் தப்பினார். பீரங்கிகள் ராயர் வசமாயின.

கல்லுக்குக் கூலி

ரெய்ச்சூர்க் கோட்டை இன்னும் விழவில்லை. அதன் மதில்கள் பெரிய பெரிய கற்களைச் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிக் கட்டியவை. உள்ளே மண் நிரப்பியிருந்தது. கல்லில் மோதும் குண்டின் வேகத்தை, பின்னால் இருக்கும் மண் வாங்கிக்கொள்ளும். கோட்டைக்கும் ஒரு மெத்தைச் சட்டை!

ராயரின் ஆட்கள் கடப்பாரையும் குந்தாலியும் எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனார்கள். ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார்கள். கல்லின் அளவுக்குத் தக்கபடி ராயர் காசு கொடுத்தார். மேலிருந்து கல்லும் அம்பும் மழைபோல் விழுந்தன.

அப்போது படைக்கு உதவிய போர்ச்சுகீசியர் கிறிஸ்டோவாவோ டி ஃபிகரேடோ. அவருடைய துப்பாக்கிக்காரர்கள் மதில்மேல் தலை நீட்டியவர்களைச் சுட்டார்கள். எதிரிகள் தலை காட்டாததால் கீழே கல் பெயர்க்கும் வேலை வேகமாக நடந்தது. என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்த கோட்டைத் தலைவன் நெற்றியில் குண்டு பாய்ந்து இறந்தான். கோட்டை சரணடைந்தது.

பஞ்சும் தோலும் ஆண்ட காலம் போய், வெடிமருந்தின் காலம் வந்துவிட்டது என்பதை ரெய்ச்சூர் காட்டிவிட்டது.

பழைய பாடம், புதிய நார்

ஆனால் பஞ்சுச் சட்டையின் தத்துவம் தோற்கவில்லை. நூலுக்குத்தான் பலம் போதவில்லை. அந்தக் குறையை விஞ்ஞானிகள் இருபதாம் நூற்றாண்டில் தீர்த்தார்கள்.

கண்ணாடியைத் தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுத்துப் பிசினோடு சேர்த்தால் அது உடையாத பலகையாகிறது. நாம் ஃபைபர் என்று சொல்லும் படகும் தண்ணீர்த் தொட்டியும் அதில் செய்தவை. 1965-ல் அமெரிக்காவில் ஸ்டெபனி குவோலக் என்ற பெண் விஞ்ஞானி ஒரு புது நார் கண்டுபிடித்தார். கெவ்லர் என்பது அதன் பெயர். எடைக்கு எடை இது எஃகைவிட ஐந்து மடங்கு பலமானது. இந்தத் துணியைப் பல அடுக்காக வைத்துத் தைத்தால் துப்பாக்கிக் குண்டு துளைக்காத சட்டை கிடைக்கிறது. ராயரின் வில்லாளி பார்த்தால் இதைத் தன் சட்டைக்குத் தம்பி என்றுதான் சொல்வான்.

நம் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், தும்பா ராக்கெட் நிலையத்தில் இத்தகைய நார்ப் பொருள்களைக் கொண்டு வேலை செய்தவர். அக்னி ஏவுகணைக்காக உருவான லேசான பொருளில், பின்னர் போலியோ தாக்கிய குழந்தைகளுக்குக் கால் தாங்கி செய்ய வைத்தார். மூன்று கிலோ இரும்பைச் சுமந்த பிஞ்சுக் கால்களுக்கு 300 கிராமில் தாங்கி கிடைத்தது.

இந்தப் பொருள்களை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஊஞ்சல்போல் ஆடும் கனமான சுத்தியலை உயரத்திலிருந்து விடுகிறார்கள். அது துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். குறைவாக ஏறினால், அடியின் பலத்தைத் துண்டு அதிகம் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஓர் ஆபத்தும் உண்டு. இரும்பில் அடி பட்டால் பள்ளம் தெரியும். நார்ப் பலகையில் சில சமயம் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அடுக்குகள் பிரிந்துபோயிருக்கும். விமான இறக்கையில் அப்படி இருந்தால் என்ன ஆவது? ஆகவே நாணயத்தால் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். நம் அம்மாமார் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா, அதேதான்! காதுக்குக் கேட்காத ஒலி அலைகளைச் செலுத்திப் பார்க்கும் கருவிகளும் உண்டு.

நாம் ஸ்கூட்டரில் போகும்போது போடும் ஹெல்மெட்டிலும் இதே ஏற்பாடுதான். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் மெத்தை நசுங்கி அதைத் தின்கிறது. ஒரு தடவை பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருந்த மெத்தை தன் கடமையை முடித்துவிட்டது.

கவிஞர் கண்ணீர்

ராயர் வீரர் மட்டும் அல்ல, கவிஞரும்கூட. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற காவியமாகப் பாடினார். அல்லசானி பெத்தனா போன்ற பெரும் புலவர்கள் அவர் சபையை அலங்கரித்தார்கள். திருப்பதி கோவிலில் திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரு அரசிகளுடன் கைகூப்பி நிற்கும் அவருடைய சிலையை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் கடைசி வருஷங்கள் துக்கத்தில் கழிந்தன. 1524-ல் ஆறு வயது மகன் திருமலைக்குப் பட்டம் கட்டினார். சில மாதங்களில் அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. பழி திம்மரசின் குடும்பத்தின்மேல் விழுந்தது. எந்தத் திம்மரசு ஒரு காலத்தில் ராயரின் கண்களைக் காப்பாற்றினாரோ, அதே திம்மரசின் கண்களைப் பறிக்க ராயர் உத்தரவிட்டார் என்று நூனிஸ் எழுதுகிறார்.

அம்பையும் வாளையும் தாங்கிய அரசரின் நெஞ்சு, மகன் போன துக்கத்தைத் தாங்கவில்லை. 1529-ல் கிருஷ்ணதேவராயர் காலமானார். தம்பி அச்சுததேவராயர் பட்டத்துக்கு வந்தார்.

வெளியே பார்க்கப் பேரரசு கம்பீரமாகத்தான் இருந்தது. உள்ளே உறவினர் சண்டையால் அடுக்கடுக்காகப் பிரிந்துகொண்டிருந்தது. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் ஒரே நாளில் நொறுங்கியது. தலைநகரம் பாழானது.

ராயரின் பஞ்சுச் சட்டைப் படை இன்று இல்லை. அண்ணாமலையார் கோவில் வாசலில் 217 அடிக் கோபுரம் நிற்கிறது. அடியில் கருங்கல். மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். தனித்தனியே எடுத்தால் அதில் எந்தச் செங்கல்லும் ஒரு சுத்தியல் அடிக்கு உடைந்துவிடும். ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால், அது இத்தனை நூற்றாண்டு இடியையும் மழையையும் தாங்கி நிற்கிறது.